எழுபது வளைவு ஏறும் கிலோகிராம்

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. எல்லாவற்றையும் தாண்டி சோளக்காட்டை அடையும்போது ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயர்ந்திருப்போம். இதற்குள் இயற்பியலில் சில காரியங்கள் சத்தமில்லாமல் நடந்துவிடுகின்றன. சமவெளியில் 100 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும் தண்ணீர் மேலே 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. அடிவாரத்தில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் மேலே நாளொன்றுக்குப் பத்து விநாடி அளவுக்குப் பின்தங்கும். பூமியின் இழுப்பும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். ஓர் அளவு அலகு எவ்வளவு உறுதியானது என்று சோதிக்க நல்ல ஆய்வுக்கூடம் தேவையில்லை, நல்ல மலை போதும். அலகை மேலே தூக்கிக்கொண்டு போனால் அது அதே அலகாக இருக்கிறதா என்பதே கேள்வி. மனிதர்கள் வரலாறு நெடுகப் பயன்படுத்திய அலகுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியில் தோற்றவை. 2019 மே 20 முதல் உலகம் ஏற்றுக்கொண்டிருக்கும் அலகுகள் தோற்காதபடி வகுக்கப்பட்டவை. அப்படி வகுத்ததால் நமக்குக் கிடைத்தது கூடுதல் துல்லியம் என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். என் பார்வையில் துல்லியம் இரண்டாம்பட்சம். அளவுக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் இல்லாமல் போனதுதான் முதல் லாபம். அந்த லாபம் சந்தை வரை வந்து சேர வேண்டுமானால், பழைய பாணி ஒப்பீட்டுச் சங்கிலி ஒன்று அறுபடாமல் இருக்க வேண்டும்.

சந்தையிலிருந்தே தொடங்கலாம். கொல்லிமலையில் விளையும் மிளகு மூட்டையாகக் கட்டி விற்கப்படுகிறது. இன்று எங்கும் நிறுப்பது எலக்ட்ரானிக் தராசுதான். அதன் தட்டுக்குக் கீழே லோட் செல் என்ற உலோகத் துண்டு இருக்கிறது. சுமை ஏறும்போது அது மிக நுண்ணிய அளவு வளையும், அந்த வளைவு மின் சமிக்ஞையாகிக் கிலோகணக்கில் திரையில் தெரியும். ஆக, அது உணர்வது மூட்டையில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதை அல்ல, பூமி அந்த மூட்டையை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதை. இழுப்பு இடத்துக்கு இடம் மாறும். தில்லியில் ஈர்ப்பு முடுக்கம் ஏறக்குறைய 9.791 மீ/வி², கொல்லிமலை உச்சியில் ஏறக்குறைய 9.780 மீ/வி². மலை நிலநடுக்கோட்டுக்கு நெருக்கமாகவும் இருக்கிறது, உயரமாகவும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து இழுப்பைக் குறைக்கின்றன. தில்லியில் சரிபார்த்த தராசு ஒன்றை அப்படியே மலைக்குக் கொண்டுவந்து 50 கிலோ மிளகு மூட்டையை வைத்தால் ஏறக்குறைய 60 கிராம் குறைத்துக் காட்டும். மிளகு கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூட்டைக்கு 36 ரூபாய் நட்டம், அதுவும் விற்பவருக்கு. யாரும் தராசில் கை வைக்கவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. பூமியின் வடிவம் எடுத்துக்கொண்ட தரகு அது.

தில்லி வரை போக வேண்டியதுகூட இல்லை. மலைக்குக் கீழே சமவெளியில் சரிபார்த்த தராசு மேலே வந்தால், அதே மூட்டையில் 10 முதல் 15 கிராம் வரை குறைத்துக் காட்டும். பத்துப் பத்து கிராமாகக் காட்டும் வணிகத் தராசுக்கு, 50 கிலோ சுமையில், முத்திரையிடும்போது அனுமதிக்கப்படும் பிழை 15 கிராம். அதாவது, மலை ஏறியது ஒன்றே அந்தத் தராசுக்குச் சட்டம் கொடுத்த மொத்தச் சலுகையையும் தின்றுவிடக்கூடும். தராசின் சொந்தக் குறைகளுக்கு மிச்சம் எதுவும் இல்லை. இதற்குத் தீர்வு ரொம்பப் பழையது. அறிந்த நிறையுள்ள எடைக்கல்லை மேலே கொண்டுபோய், தராசு எங்கே பயன்படுகிறதோ அங்கேயே வைத்து, 50 கிலோவுக்கு 50 என்று காட்டும்படி திருத்திவிடுவது. எடைக்கல்லையும் பூமி அங்கே தளர்வாகத்தான் இழுக்கிறது. ஆனால் மூட்டைக்கும் கல்லுக்கும் அதே விகிதத்தில் தளர்வு என்பதால் பிழை அடிபட்டுப்போகும். பழைய தட்டுத் தராசு இதை இயல்பாகவே செய்துகொண்டிருந்தது. ஒரு தட்டில் பொருள், மறு தட்டில் கல், இரண்டுக்கும் ஒரே பூமி. இந்த ஒரு விஷயத்தில் மின்னணுவியல் நம்மை ஒரு படி பின்னுக்குத்தான் கொண்டுவந்தது. ஆகவே மலைக்கடைத் தராசுக்கு முத்திரை மலையிலேயே அடிக்கப்பட வேண்டும், தராசை இறக்கி ஊருக்குக் கொண்டுபோய் முத்திரை வாங்கி வருவது பாதி வேலைதான். இது இயற்பியல் கேட்பது, அதிகாரியின் விருப்பு வெறுப்பைப் பொறுத்தது அல்ல.

சரி, அந்த எடைக்கல் சரியானது என்று யார் சொன்னது? ஆய்வாளர் கையில் இருக்கும் பணித் தரக்கல்லை மாநிலத்தின் இரண்டாம் நிலைத் தரக்கல்லோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். அதை பெங்களூரு போன்ற இடங்களில் இருக்கும் வட்டார மேற்கோள் ஆய்வகத்தின் கல்லோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். அது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தைத் தொட்டு நிற்கிறது. 1950 ஜனவரியில் திறக்கப்பட்ட அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். இந்தியா 1956-இல் எடையளவுச் சட்டம் இயற்றி, 1957-இல் மீட்டர் உடன்படிக்கையில் சேர்ந்து, 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறியபோது நாட்டின் கிலோவாக இருந்தது அங்கே வைக்கப்பட்ட 57ஆம் எண் பிளாட்டினம்-இரிடியம் உருளை. அந்த உருளைக்கும் மேலே ஒரு தாய் இருந்தது, பாரிசுக்குப் பக்கத்தில் செவ்ரே என்ற இடத்தில் பெட்டகத்துக்குள். சோளக்காட்டுத் தராசிலிருந்து செவ்ரே பெட்டகம் வரை ஐந்தாறு கண்ணிகள். ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் ஐயப்பாடு சேரும், அந்த ஐயப்பாடு எவ்வளவு என்று எழுதி வைக்கப்படும். கிலோ என்று திரையில் தெரியும் எண்ணுக்கு மதிப்பைக் கொடுப்பது இந்தச் சங்கிலிதான், தராசின் விலையோ கம்பெனிப் பெயரோ இல்லை.

இப்படி ஒரு சங்கிலி வேண்டும் என்ற எண்ணத்தை நாம் வெள்ளைக்காரனிடம் கற்றுக்கொள்ளவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த பொன்னின் அளவைச் சொல்லும்போது, ஆடவல்லான் என்று பெயரிட்ட கல்லால் நிறுத்தது என்று சேர்த்தே சொல்கிறார்கள். நகைகளுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்று வேறொரு கல். நெல்லுக்கு ஆடவல்லான் என்ற மரக்கால், அந்த மரக்கால் ராஜகேசரி மரக்காலுக்கு ஒத்தது என்ற குறிப்பும் உடன் வருகிறது. எண்ணை மட்டும் சொன்னால் போதாது, எதனால் அளந்தது, அது எதற்கு ஒத்தது என்றும் சொன்னால்தான் கணக்கு முழுமையாகும் என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டியவர்கள் அவர்கள். இன்றைய அளவுச் சான்றிதழில் இருக்கும் முக்கியமான வரியும் இதுவேதான். ஆனால் அந்த ஏற்பாட்டின் பலவீனமும் அதன் பெயரிலேயே தெரிகிறது. ராஜகேசரி என்பது அரசனின் பட்டம். அளவு அரசனிடமிருந்து வருகிறது, அரசன் மாறினால் மரக்காலும் மாறலாம். ஒரு நாட்டுப் படி இன்னொரு நாட்டுப் படியோடு ஒத்துப்போகாததும், தலை தட்டி அளப்பதா குவித்து அளப்பதா என்று தானியத்துக்குத் தானியம் தகராறு வந்ததும் தமிழ்நாட்டில் எந்த வட்டாரத்துப் பெரியவரைக் கேட்டாலும் கிடைக்கும் கதைகள். கொல்லிமலைச் சாமையை முகந்து அளந்தால் இந்தத் தகராறு இன்னும் கூடும், அவ்வளவு பொடித் தானியம், அவ்வளவு எளிதாக அமுங்கும்.

அரசனிடமிருந்து அளவைப் பிடுங்கி இயற்கையிடம் ஒப்படைப்போம் என்று முதலில் பெரிதாக முயன்றவர்கள் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள். ஒரு விநாடிக்கு ஒரு பக்கம் ஆடும் ஊசலின் நீளமே நீள அலகாக இருக்கட்டும் என்று 1790-இல் யோசனை வந்தது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஊசல் ஓர் இடத்துக்குரிய கருவி. 1672-இல் தென் அமெரிக்காவின் கயேனுக்குப் போன ழான் ரிஷேயின் கடிகாரம் பாரிசில் இருந்ததைவிட நாளுக்கு இரண்டரை நிமிடம் மெதுவாக ஓடியது. கணக்குப் போட்டால், 45 டிகிரி அட்சரேகையில் வைத்த விநாடி ஊசலைவிடக் கொல்லிமலை விநாடி ஊசல் இரண்டரை மில்லிமீட்டருக்குமேல் குட்டையாக இருக்க வேண்டும். அந்த அலகால் வெட்டிய துணியில் பத்து மீட்டருக்கு ஓர் அங்குலம் போய்விடும். எனவே ஊசலைக் கைவிட்டு, வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்கு என்று மீட்டரை வகுத்தார்கள். அதிலும் 0.2 மில்லிமீட்டர் தப்பு வந்தது. தப்பு தெரிந்த பிறகும் யாரும் திருத்தவில்லை, ஏனென்றால் அதற்குள் உலோகக் கோல் ஒன்று செய்தாகிவிட்டது, எல்லாரும் அந்தக் கோலைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இயற்கையைத் தேடிப் புறப்பட்டவர்கள் கடைசியில் மறுபடியும் பெட்டிக்குள் வைத்த ஒரு பொருளிடம் வந்து நின்றார்கள். 1870-இல் லிவர்பூலில் பேசிய ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் இதைக் கண்டுகொண்டார். பூமி சுருங்கலாம், அதன் சுழற்சி மாறலாம், நிரந்தர அளவு வேண்டுமானால் எங்கும் ஒரே மாதிரி இருக்கும் மூலக்கூறுகளிடம் போங்கள் என்பது அவர் சொன்னதன் சாரம்.

பெட்டிக்குள் இருக்கும் பொருளின் சிக்கல் கிலோவில்தான் அப்பட்டமாக வெளிப்பட்டது. 1889-இல் செவ்ரேயில் வைத்த உருளையையும் அதன் அதிகாரபூர்வ நகல்களையும் 1988-க்கும் 1992-க்கும் இடையே மறுபடி ஒப்பிட்டபோது, நூறாண்டில் அவற்றுக்கிடையே ஏறக்குறைய 50 மைக்ரோகிராம் விலகல் தெரிந்தது. ஒரு பொடி உப்புத் துகள் அளவு. தாய் இளைத்ததா பிள்ளைகள் பருத்தனவா என்று கேட்கவே முடியாது, ஏனென்றால் விதிப்படி தாய் எப்போதும் சரியாக ஒரு கிலோ. அது மாறினால் உலகத்தில் இருக்கும் மற்ற எல்லாமும் மாறியதாகத்தான் கணக்கு. இந்த அபத்தத்தை 2018 நவம்பர் 16 அன்று வெர்சாயில் கூடிய எடையளவுகளுக்கான 26ஆவது பொது மாநாடு முடித்துவைத்தது. பிளாங்க் மாறிலி 6.62607015×10⁻³⁴ ஜூல்-விநாடி என்று ஒரு எண்ணாக நிலைநிறுத்தப்பட்டது, கிலோ அதிலிருந்து பிறக்கும். மீட்டர் 1983 முதலே ஒளிவேகத்திலிருந்து வருகிறது, அந்த வேகம் விநாடிக்கு 29,97,92,458 மீட்டர். விநாடி என்பது சீசியம்-133 அணுவின் குறிப்பிட்ட ஒரு கதிர்வீச்சு 919,26,31,770 முறை அதிர எடுக்கும் நேரம். வெப்பநிலைக்குப் போல்ட்ஸ்மன் மாறிலி, மின்னோட்டத்துக்கு எலக்ட்ரான் மின்னூட்டம். தண்ணீர் எங்கே எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்பது கெல்வினுக்கு ஒரு பொருட்டே அல்ல.

இயற்கை மாறிலியிலிருந்து ஓர் எடைக்கல்லை எப்படி வரவழைப்பது? பிரிட்டனில் பிரயன் கிப்பிள் 1975-இல் யோசித்த தராசு அதைச் செய்கிறது. அதில் ஒரு தட்டில் எடைக்கல், அதனோடு இணைந்து காந்தப் புலத்தில் தொங்கும் கம்பிச்சுருள் ஒன்று. கல்லைத் தாங்கிப் பிடிக்கச் சுருளில் எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று முதலில் அளக்கிறார்கள். பிறகு கல்லை எடுத்துவிட்டு, அதே சுருளை அதே காந்தப் புலத்தில் சீரான வேகத்தில் நகர்த்தி, எவ்வளவு மின்னழுத்தம் பிறக்கிறது என்று பார்க்கிறார்கள். இரண்டையும் சேர்த்தால் காந்தத்தின் வலிமை, கம்பியின் நீளம் ஆகிய அளக்கக் கடினமான சங்கதிகள் அடிபட்டுவிடும். மின்னழுத்தத்தையும், மின்னோட்டத்தை அளக்க உதவும் மின்தடையையும் ஜோசப்சன் விளைவு, குவாண்டம் ஹால் விளைவு ஆகியவற்றின் மூலம் நேராகப் பிளாங்க் மாறிலியோடு கட்டிவிடலாம். மிச்சம் இருப்பது வேகமும் ஈர்ப்பு முடுக்கமும். இங்கேதான் மலை மறுபடியும் குறுக்கே வருகிறது. கிப்பிள் தராசும் பூமியின் இழுப்பைத்தான் எதிர்க்கிறது, அப்படியானால் அதுவும் ஓர் இடத்துக்குக் கட்டுப்பட்ட கருவிதானே என்று கேட்கலாம். கட்டுப்பட்டதுதான். ஆனால் அந்த இடத்தின் இழுப்பை அங்கேயே அளந்து கழித்துவிடுகிறது. வெற்றிடக் குழாய்க்குள் ஒரு கண்ணாடியை விழவிட்டு, அது எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் விழுகிறது என்று லேசராலும் அணுக் கடிகாரத்தாலும் பார்க்கிறார்கள். தூரம் ஒளிவேகத்திலிருந்து, நேரம் சீசியத்திலிருந்து. ஆக, இடம் சார்ந்த எண்ணைக்கூட இடம் சாராத இரண்டு எண்களால்தான் பிடிக்கிறார்கள். தில்லியிலோ செவ்ரேயிலோ அனுமதி கேட்காமல், கொல்லிமலை உச்சியில் ஒரு கிப்பிள் தராசை நிறுவினால் அதே கிலோ கிடைக்கும். யாரும் நிறுவப்போவதில்லை, செலவு அப்படி. ஆனால் நிறுவ முடியும் என்பதே அலகின் சொந்தக்காரரை அகற்றிவிட்டது.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு, அவற்றில் சில பலமானவை. பிளாங்க் மாறிலியின் அந்த எண்ணே பழைய கிலோவைக் கொண்டு அளந்து பெறப்பட்டதுதானே, சுற்றிச் சுற்றி அதே உருளைக்குத்தானே வருகிறோம் என்பது ஒன்று. எண் அப்படி வந்தது உண்மை. அமெரிக்காவிலும் கனடாவிலும் கிப்பிள் தராசுகளால் அளந்தார்கள். வேறொரு குழு சிலிக்கான்-28 கோளத்தில் இருக்கும் அணுக்களை எண்ணிப்பார்த்தது. முற்றிலும் வேறான இந்த இரண்டு வழிகளும் பத்துக் கோடியில் சில பங்குக்குள் ஒத்துப்போன பிறகே எண்ணை நிறுத்தினார்கள். புதிய கிலோ பழைய கிலோவோடு தொடர்ச்சி விட்டுப்போகக் கூடாது என்பதால் எடுத்த எச்சரிக்கை அது. நிறுத்திய பிறகு சார்பு திரும்பிவிட்டது, இன்று அந்த உருளைதான் அளக்கப்பட வேண்டிய பொருள். மாறிலிகள் உண்மையிலேயே மாறாதவையா என்பது இன்னொரு கேள்வி. அணுக் கடிகாரங்களை ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்ததில், பிளாங்க் மாறிலி, ஒளிவேகம், எலக்ட்ரான் மின்னூட்டம் மூன்றும் சேர்ந்து வரும் நுண்கட்டமைப்பு மாறிலி ஓராண்டில் மாறினால்கூட, 1-க்குப் பின் 17 சுழியங்கள் போட்ட எண்ணில் ஒரு பங்குக்குமேல் மாறவில்லை என்று தெரிகிறது. பிளாட்டினம் உருளையிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் பதிலே வராது. மாறிலியிடம் கேட்டால் ஓர் எல்லையாவது கிடைக்கிறது.

மூன்றாவது எதிர்வாதத்துக்கு நான் பாதி தலைவணங்குகிறேன். 50 மைக்ரோகிராம் பிசகினால் மிளகு விற்பவருக்கு என்ன? ஒன்றுமில்லை. மிளகில் ஈரப்பதம் ஒரு சதவீதம் கூடினால் 50 கிலோ மூட்டையில் அரைக் கிலோ தண்ணீருக்கு விலை கொடுக்கிறோம். ஈர்ப்பால் வரும் 60 கிராம்கூட அதன் முன் சிறுதொகைதான். புதிய வரையறை சந்தையில் எதையும் மாற்றவில்லை, மாற்றாமல் இருப்பதே அதன் நோக்கம். ஆனால் ஈரப்பதம் பார்க்கும் கருவியும் ஒரு தரத்தோடு ஒப்பிடப்பட வேண்டும், அந்தத் தரம் மறுபடியும் நிறையிலும் வெப்பநிலையிலும் போய் நிற்கிறது. மாறிலிகள் சங்கிலியின் மேல் முனையைக் கெட்டியாக்குகின்றன, கீழ்க் கண்ணிகளைச் சுருக்கவில்லை. எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை, எடைக்கற்களுக்கும் தட்டுத் தராசுக்கும் 24 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை என்று சட்டமுறை எடையளவு விதிகள் சொல்வது இன்றும் அதே அளவுக்கு முக்கியம். 70 வளைவு ஏறி வர வேண்டிய ஒரு பெட்டி எடைக்கல் வராமல் போனால், பிளாங்க் மாறிலியின் அத்தனை தசம இலக்கங்களும் மலைக்குக் கீழேயே நின்றுவிடும்.

மேல் முனையிலும் வேலை முடிந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல நாடுகளின் கிப்பிள் தராசுகளும் சிலிக்கான் கோளங்களும் தரும் கிலோக்கள் ஒன்றோடொன்று முழுமையாக ஒத்துப்போகவில்லை. அதனால் 2021 பிப்ரவரி முதல், எல்லா முடிவுகளையும் கலந்து பெற்ற ஓர் இணக்க மதிப்பைத்தான் உலகம் கிலோவாகப் புழங்குகிறது. முதல் இணக்க மதிப்பின்படி செவ்ரே உருளை ஒரு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் குறைவு. எந்த நாட்டிலும் சுதந்திரமாகக் கிலோவை உருவாக்கிக்கொள்ளலாம் என்ற வாக்குறுதி, சட்டப் புத்தகத்தில் முழுமையாகவும் ஆய்வகத்தில் பாதியாகவும் இருக்கிறது. இதை ஏமாற்றம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. முன்பு விலகல் தெரிந்தாலும் யார் பக்கம் தப்பு என்று கேட்க வழியில்லை. இப்போது கேட்க முடிகிறது, தராசு தராசாகத் தேடவும் முடிகிறது.

விநாடியில் நிலைமை இன்னும் விசித்திரம். சீசியம் அணுவின் அதிர்வு எங்கும் ஒன்றுதான், கொல்லிமலையிலும் அதே எண்ணிக்கைதான். ஆனால் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல்படி உயரத்தில் காலமே சற்று விரைவாக ஓடுகிறது. மலைக்குமேல் வைத்த அணுக் கடிகாரம், ஆயிரம் மீட்டர் கீழே வைத்த அதே மாதிரிக் கடிகாரத்தைவிட ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்றரை மைக்ரோ விநாடி முன்னே போயிருக்கும். இரண்டில் எதுவும் தப்பாக ஓடவில்லை, அந்தந்த இடத்தில் அந்தந்த விநாடி சரி. இரண்டையும் ஒப்பிடும்போதுதான் உயரம் கணக்கில் வருகிறது. அமெரிக்க ஆய்வகம் ஒன்று 2010-இல் வெறும் 33 சென்டிமீட்டர் உயர வேறுபாட்டில் இதைப் பிடித்துக் காட்டியது. 2020-இல் டோக்கியோவின் ஸ்கைட்ரீ கோபுரத்தில், 450 மீட்டர் உயர வித்தியாசத்தில், இடம்பெயர்த்து வைக்கக்கூடிய ஒளியியல் கடிகாரங்களாலேயே அளந்தார்கள். 2030 வாக்கில் விநாடியை இத்தகைய ஒளியியல் கடிகாரங்களைக் கொண்டு மறுபடி வகுக்க ஏற்பாடுகள் நடக்கின்றன. அவை எட்டியிருக்கும் துல்லியத்தில் ஒரு சென்டிமீட்டர் உயரம் வித்தியாசம் காட்டும். அப்போது தில்லியில் இருக்கும் ஒரு கடிகாரத்தையும் கொல்லிமலையில் இருக்கும் ஒன்றையும் ஒப்பிட, மலையின் உயரம் சென்டிமீட்டர் வரை தெரிந்திருக்க வேண்டும். அல்லது அதே ஒப்பீட்டைத் திருப்பிப் போட்டு, கடிகாரங்கள் காட்டும் வித்தியாசத்திலிருந்தே மலையின் உயரத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.